ஜாஸில் வயலினுக்கு இடம் உண்டா?

கேள்வி: மகள் கர்நாடக வயலின் கற்கிறாள். ஜாஸ் என்றாலே டிரம்பெட், சாக்ஸபோன்தான் தெரிகிறது. வயலினுக்கு அதில் இடமே இல்லையா ஐயா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உண்டு அம்மா, ஆரம்ப காலத்திலிருந்தே. 1920களிலேயே அமெரிக்காவில் ஜோ வெனுட்டி, கிதார் கலைஞர் எடி லாங்கோடு சேர்ந்து அசத்தினார். சிக்கல் சத்தம்தான். இங்கே தருமபுரித் திருவிழாவில் தவில், நாகஸ்வரம் நடுவே மைக் இல்லாமல் நான் வாசித்தால் யாருக்குக் கேட்கும்? அதனால்தான் ஸ்டஃப் ஸ்மித் 1930களிலேயே வயலினை ஒலிபெருக்கியோடு இணைத்தார். பாரிஸில் ஸ்டெஃபான் கிராப்பெல்லிக்கு அந்தத் தொல்லையே இல்லை. 1934இல் கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுடன் அவர் வாசித்த குழுவில் டிரம்ஸ் கிடையாது, ஊதுகருவி கிடையாது. கிதார்கள், பாஸ், வயலின் அவ்வளவுதான். எனக்கு உயிர் அவர் வாசிப்பு. வில் அத்தனை லேசாக ஓடும்!

அப்புறம் ழான்-லூக் பான்டி, நம் எல். சுப்ரமணியம், எல். சங்கர். இன்று ரெஜினா கார்ட்டர். 2001இல் இத்தாலியின் ஜெனோவாவில், அந்தக் கால வயலின் மேதை பகனினியின் வயலினிலேயே வாசித்தவர். கிராப்பெல்லியும் சுப்ரமணியமும் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது. மகளுக்கு முதலில் அதைப் போடுங்கள். கமகம் பழகிய காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.