தவறான பயாஸ், கறுத்த திரை: கிராபிக்ஸ் கார்டு மீட்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. வேறொரு தயாரிப்பாளரின் பயாஸ் கோப்பை அதில் எழுதினேன். எழுதி முடித்ததாகத்தான் செய்தி வந்தது. மறுபடி இயக்கியதும் திரை கறுப்பாகவே நிற்கிறது, விசிறிகள் மட்டும் சுற்றுகின்றன. கார்டு செத்துவிட்டதா?

பதில்: சாகவில்லை, தம்பி. முதலில் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இப்படி என்னிடம் வந்த கார்டுகளில் பல, முதல் தவறால் கெட்டவை அல்ல. அதைச் சரிசெய்கிறேன் என்று பதற்றத்தில் செய்த இரண்டாவது வேலையால் கெட்டவை.

கார்டில் எட்டுக் கால்கள் கொண்ட, சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிப் இருக்கிறது. பயாஸ், அதாவது கார்டை எழுப்பும் அடிப்படைத் தகவல், குடியிருப்பது அங்கேதான். ஜிபியு (படத்தைக் கணக்கிடும் முதன்மைச் சிப்), நினைவகம், மின்சுற்று எதையும் நீங்கள் தொடவில்லை. அந்தச் சிப்பில் உள்ள சில நூறு கிலோபைட் தகவல்தான் மாறியிருக்கிறது. ஜிபியு விழித்ததும் அதைப் படித்துத்தான் எந்த வேகத்தில் ஓடுவது, நினைவகத்தை எந்த இடைவெளியில் அழைப்பது, எந்த இணைப்பு வழியாகப் படத்தை அனுப்புவது என்றெல்லாம் தெரிந்துகொள்ளும். இப்போது உங்கள் ஜிபியுவின் கையில் இருப்பது பக்கத்து வீட்டு முகவரி.

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கார்டைக் கழற்றுங்கள். செயலியில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் திரையின் கேபிளை மதர்போர்டிலேயே செருகுங்கள். மதர்போர்டின் பயாஸுக்குள் போய் முதன்மைத் திரை எது என்ற அமைப்பை உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு மாற்றுங்கள். பிறகு கார்டைத் திரும்பச் செருகி இயக்குங்கள். விண்டோஸ் வந்து, பயாஸ் எழுதும் ஏஎம்டிவிபிஃபிளாஷ் கருவியின் பட்டியலில் கார்டு தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. உள்ளமைந்த கிராபிக்ஸும் ஏஎம்டியுடையது என்றால் பட்டியலில் இரண்டு எண்கள் வரும். எது எந்த எண் என்று இருமுறை பாருங்கள். பிறகு பழைய பயாஸை எழுதுங்கள். அடையாள எண் பொருந்தவில்லை என்று கருவி மறுத்தால், கட்டாயப்படுத்தும் 'எஃப்' தெரிவைச் சேர்க்கலாம். அந்தத் தெரிவுக்கு நியாயம் உள்ள இடம் இது. உங்கள் கார்டு இந்நிலைக்கு வந்ததே அதனால்தான் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள்.

எழுதி முடித்ததும் வெறும் மறுதொடக்கம் போதாது. முழுவதும் அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, அதன்பின் இயக்குங்கள்.

கேள்வி: என் செயலியில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. இரண்டாவது கார்டும் இல்லை. என்ன செய்வது?

பதில்: யாரிடமாவது ஒரு பழைய கார்டைக் கடன் வாங்குங்கள். பத்து வருடப் பழையதானாலும் பரவாயில்லை, படம் காட்டினால் போதும். நல்ல கார்டை முதல் ஸ்லாட்டிலும், கெட்டதை இரண்டாவதிலும் வையுங்கள். பெரிய ஸ்லாட் ஒன்றுதான் என்றால், சிறிய ஸ்லாட்டில் செருகி கார்டைத் தள்ளி வைத்து இணைக்கும் ரைசர் கேபிள் கைகொடுக்கும். பயாஸ் எழுத ஒரே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம் (தரவு போகும் வழி) இருந்தாலே போதும். கார்டுக்குத் தனி மின் இணைப்பைக் கொடுக்க மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: கார்டின் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினால் படம் வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடலாம்தான். ஆனால் உங்களிடம் இருந்த காப்பு இரண்டில் ஒன்று போய்விட்டது. அந்தக் கார்டில் இரண்டு பயாஸ்கள் உண்டு. நல்ல பக்கத்தில் வைத்துக் கணினியை இயக்குங்கள். விண்டோஸ் வந்தபின், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை மறுபக்கம் தட்டுங்கள். ஒன்றும் ஆகாது, பயாஸைப் படிக்கும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது எழுதினால் கெட்டுப்போன பக்கத்தில் எழுதப்படும். சில கார்டுகளில் ஒரு பக்கம் எழுதமுடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அது தயாரிப்பாளர் நம்மை அறிந்து வைத்த பூட்டு.

கேள்வி: அண்ணா, கெட்ட கார்டைச் செருகினாலே கணினி எழ மறுக்கிறது. உள்ளமைந்த கிராபிக்ஸிலும் படம் இல்லை. கழற்றினால் சரியாக எழுகிறது.

பதில்: சிப்பில் இருக்கும் குழப்பமான தகவலைப் படிக்கப்போய் மதர்போர்டும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அது படிக்கவே முடியாதபடி சிறிது நேரம் சிப்பின் வாயைக் கட்டவேண்டும்.

சிப்பை உற்றுப் பாருங்கள். ஒரு மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழிவுப் புள்ளி தெரியும். அதன் அருகே இருப்பது முதல் கால். 8-ஆம் கால் அதற்கு நேர் எதிரே, சிப்பின் மறுபக்கத்தில் இருக்கிறது. முதல் காலின் மின்னழுத்தம் தாழ்ந்தால்தான் சிப் பேசத் தொடங்கும். 8-ஆம் கால் மின்சாரம் வரும் வழி. இரண்டையும் இணைத்துவிட்டால் முதல் கால் உயர்ந்தே நிற்கும். ஜிபியு எவ்வளவு கேட்டாலும் சிப் மூச்சுவிடாது. மதர்போர்டு அந்தக் கார்டைத் தாண்டி மேலே போய்விடும்.

மின்சாரம் இல்லாதபோது, ஒரு மெல்லிய இடுக்கியால் அந்த இரண்டு கால்களையும் தொடவைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரை இயக்கப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். விண்டோஸ் வந்ததும் இடுக்கியை எடுத்துவிட்டு, கருவியில் கார்டு தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். கை நடுங்கும் என்பவர்கள் முடி அளவுக் கம்பி ஒன்றை இரு கால்களிலும் லேசாகச் சாலிடர் செய்து, அதன் நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கலாம். நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

4-ஆம் கால் தரை இணைப்பு. 8-ஆம் கால் அதனுடன் சேர்ந்தால் குறுக்குச்சுற்று, கார்டு உண்மையிலேயே சாகலாம். இடுக்கியின் நுனி வழுக்கிப் போகும் இடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று தொடுவதற்கு முன்பே பார்த்துவையுங்கள். இந்த உபாயம் பழைய கார்டுகளில் நன்றாக வேலை செய்யும். அண்மைய தலைமுறைக் கார்டுகளில் கணினி எழுந்தாலும் கருவிக்குக் கார்டு தெரியாமல் போகலாம். அப்போது புரோகிராமர், அதாவது சிப்பில் நேரடியாக எழுதும் சிறு கருவிதான் வழி.

கேள்வி: கருவி கார்டைக் காட்டுகிறது. எழுதச் சொன்னால், சிப்பை அழிக்க முடியவில்லை என்கிறது.

பதில்: எழுத்துத் தடை, அதாவது சிப்பில் எழுதவிடாத பூட்டு. என்விடியா கார்டு என்றால் என்விஃபிளாஷ் கருவியில் தடையை நீக்கும் கட்டளை தனியாக இருக்கிறது. சாதன மேலாளரில் கார்டை முடக்கிவிட்டு அதை முதலில் கொடுங்கள். ஏஎம்டி கார்டில், குறிப்பாக முன்பு கிரிப்டோ நாணயச் சுரங்க வேலை பார்த்துக் கைமாறி வந்த கார்டில், யாரோ சிப்பின் நிலைப் பதிவேட்டிலேயே (சிப் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) பூட்டியிருக்கலாம். மென்பொருளோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் புரோகிராமருக்குப் போங்கள்.

கேள்வி: சிஎச்341ஏ புரோகிராமரும், சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பும் வாங்கினேன். சிப்பை அது அடையாளம் காணவில்லை. படிக்கச் சொன்னால் கோப்பு முழுக்க எஃப்எஃப் என்றே வருகிறது. சிப் காலியாகிவிட்டதா?

பதில்: சிப் காலி என்று முடிவுகட்டாதீர்கள். தொடர்பே கிடைக்காவிட்டாலும் எஃப்எஃப் என்றுதான் வரும், சில நேரம் எல்லாம் சுழியமாகவும் வரும். கால்களின் மேல் சாலிடர் செய்தபோது தங்கிய பிசினோ, பாதுகாப்புப் பூச்சோ இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தூரிகையைத் தோய்த்து நன்றாகத் தேயுங்கள். கிளிப்பின் சிவப்புக் கம்பி முதல் கால் பக்கம் வரவேண்டும். கார்டு ஸ்லாட்டில் இருக்கக்கூடாது, மின் இணைப்பும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லை என்றால், புரோகிராமர் கொடுக்கும் மின்சாரத்தைக் கார்டின் மற்றப் பகுதிகள் உறிஞ்சிக்கொள்கின்றன என்று பொருள். அப்போது சிப்பைச் சூடான காற்றால் கழற்றித் தனியாக எழுதி மறுபடி பற்றவைப்பதே முறை. கால்களே வெளியில் தெரியாத தட்டையான சிப்களிலும் கிளிப் பிடிக்காது. அவற்றுக்கும் இதே கதி.

எல்லாவற்றுக்கும் முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பழைய கார்டுகளின் சிப்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட், புதிய கார்டுகள் பலவற்றில் 1.8 வோல்ட். சிப்பின் மேல் இருக்கும் எழுத்தே சொல்லிவிடும். மேக்ரானிக்ஸ் நிறுவனச் சிப் என்றால் 25 என்ற எண்ணுக்குப் பின் 'எல்' வந்தால் 3 வோல்ட் வகை, 'யு' வந்தால் 1.8. கிகாடிவைஸ் என்றால் 25-க்குப் பின் 'எல்க்யூ' வந்தால் 1.8. 1.8 வோல்ட் சிப்புக்கென்று விற்கும் அடாப்டரை இடையில் போடவேண்டும். அவசரத்தில் நான் ஒரு முறை அடாப்டர் இல்லாமலே மாட்டினேன். முதல் முறை படித்தது. இரண்டாம் முறை படித்தபோது கோப்பின் நடுவில் வேறு எழுத்துகள். மூன்றாம் முறை சிப்பே இல்லை என்றது. இன்னொரு சங்கதி: கறுப்பு நிறத்தில் வரும் சிஎச்341ஏ பலகைகளில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான் என்றாலும், தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் நிற்கும். பல சிப்கள் தாங்கிக்கொள்கின்றன. தாங்குகிறது என்பதற்காக அடிக்கலாமா?

படிக்க ஆரம்பித்ததும், எழுதுவதற்கு முன் இரண்டு முறை படித்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வேறுபட்டாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை. கெட்டுப்போன பயாஸ்தானே, எதற்குச் சேமிப்பது என்று கேட்பார்கள். பாதி எழுதிய நிலையில் நின்றிருந்தால் மீதிப் பாதி உங்கள் கார்டின் அசல், வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பயாஸைச் சேமிக்கவில்லை. எங்கே கிடைக்கும்?

பதில்: டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் ஏறக்குறைய எல்லாக் கார்டுக்கும் கிடைக்கும். ஆனால் கார்டின் பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். கார்டின் பின்புறச் சீட்டில் உள்ள மாடல் எண், நினைவக அளவு, அதைவிட முக்கியமாக நினைவகத்தைச் செய்தவர் யார் என்பது பொருந்தவேண்டும். ஒரே மாடல் ஆர்எக்ஸ் 580 ஒரு மாதம் சாம்சங் நினைவகத்தோடும், அடுத்த மாதம் ஹைனிக்ஸ் அல்லது மைக்ரானோடும் வரும். பயாஸில் உங்கள் நினைவகத்துக்கான அட்டவணை இல்லையென்றால் படம் வந்தாலும் உருப்படியாக வராது. சந்தேகம் இருந்தால் குளிர்விப்பானைக் கழற்றி நினைவகச் சிப்பில் அச்சிட்டிருப்பதையே படித்துவிடுங்கள்.

இறக்கிய கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்தால் 55 ஏஏ என்று தொடங்கவேண்டும். புதிய என்விடியா கோப்புகள் சிலவற்றில் அதற்கு முன் என்விஜிஐ என்று ஒரு தலைப்பு இருக்கும், பயப்படவேண்டாம். சிப் 512 கிலோபைட், கோப்பு 256 கிலோபைட் என்றால் மீதியை எஃப்எஃப் கொண்டு நிரப்பி அளவைச் சமப்படுத்துங்கள். லினக்ஸில் சிப் எழுதும் ஃபிளாஷ்ராம் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இது அவசியம். அளவு பொருந்தாத கோப்பை அது தொடாது.

கேள்வி: மீட்டுவிட்டேன். படம் வருகிறது. ஆனால் டிரைவர் நிறுவியதும் 43 என்ற எண்ணோடு பிழை காட்டி நின்றுவிடுகிறது.

பதில்: நீங்கள் எழுதியது யாரோ திருத்திய பயாஸ். டிரைவர் கையொப்பத்தைச் சரிபார்த்து மறுக்கிறது. தயாரிப்பாளரின் அசல் கோப்பை எழுதுங்கள், போய்விடும். அசலையே எழுதியும் 43 வந்தால், திரையில் புள்ளிகளும் கோடுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் முந்தைய பதிலில் சொன்ன நினைவகப் பொருத்தத்தை ஆராயுங்கள்.

கேள்வி: விண்டோஸ் வந்த பிறகு எல்லாம் சரி. ஆனால் கணினி எழும்போது மதர்போர்டின் சின்னம்கூடத் தெரிவதில்லை.

பதில்: எழுதிய கோப்பில், புதிய மதர்போர்டுகள் எழும்போது தேடும் யுஇஎஃப்ஐ பகுதி இல்லை. மதர்போர்டில், பழைய முறையை ஏற்கும் சிஎஸ்எம் அமைப்பை இயக்கினால் சின்னம் தெரியும். நிரந்தரத் தீர்வு, அந்தப் பகுதியும் சேர்ந்த கோப்பு.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று வாங்கினேன். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் அதைப் போலி என்கிறது. சரியான பயாஸ் எழுதினால் நிஜமான 1050 டிஐ ஆகுமா?

பதில்: ஆகாது. உள்ளே இருப்பது வேறு ஜிபியு, பெயரை மட்டும் பயாஸில் மாற்றி விற்றிருக்கிறார்கள். அசல் 1050 டிஐயில் ஜிபி107 என்ற சிப் இருக்கும். போலிகளில் ஜிஎஃப்116 போன்ற, 2011 வாக்கில் ஜிடிஎக்ஸ் 550 டிஐயில் வந்த சிப் இருக்கும். முடிந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். முடியாவிட்டால் அந்தப் பழைய கார்டுக்குரிய பயாஸை எழுதினால், குறைந்தபட்சம் சரியான டிரைவரோடு நிம்மதியாக ஓடும்.

கேள்வி: மடிக்கணினியின் கிராபிக்ஸுக்கும் இதே வழிதானா?

பதில்: பல மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் பயாஸுக்கென்று தனிச் சிப்பே கிடையாது, முதன்மை பயாஸுக்குள் அடங்கியிருக்கும். அங்கே தவறினால் மடிக்கணினியே எழாது. வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் எல்லோரும் பயாஸ் எழுதுகிறார்கள்? உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா?

பதில்: ஒரு காலத்தில் கிடைத்தது. ரேடியான் 6950-ஐ 6970 ஆக்கியவர்கள் உண்டு. 2016-இல் வந்த 4 ஜிபி ஆர்எக்ஸ் 480 கார்டுகள் சிலவற்றில் உண்மையில் 8 ஜிபி நினைவகமே பொருத்தப்பட்டிருந்தது. பயாஸை மாற்றியதும் மீதி 4 ஜிபி எட்டிப் பார்த்தது. வேகா 56-இல் வேகா 64-இன் பயாஸ், ஆர்எக்ஸ் 5700-இல் 5700 எக்ஸ்டியின் பயாஸ் என்று அந்த ஆசை தொடர்ந்தது. என்விடியா பாஸ்கல் தலைமுறையிலிருந்து திருத்திய பயாஸைக் கார்டே எளிதில் ஏற்பதில்லை.

தயாரிப்பாளர்களே எழுதச் சொன்ன காலமும் உண்டு. 2020 ஜனவரியில் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி வெளிவந்த வாரத்திலேயே வேகத்தைக் கூட்டும் பயாஸை வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரேசேர அணுகும்) வசதிக்காக ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்குப் புது பயாஸ் வந்தது. அத்தகைய காரணம் இருந்தால் எழுதுங்கள். இன்னொரு மாடலின் விசிறி வேகம் பிடித்திருக்கிறது என்பதற்காக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதற்கு மென்பொருள் இருக்கிறது.

கேள்வி: ஐயா, சிப்பைக் கழற்றும்போது ஒரு கால் முறிந்துவிட்டது. இனி?

பதில்: சிப் போனால் போகட்டும், அதே அளவு, அதே மின்னழுத்தம் கொண்ட புதிய சிப்பில் கோப்பை எழுதிப் பொருத்தலாம். எனக்குக் கவலை கார்டில் இருக்கும் செப்புத் தடத்தைப் பற்றியது. உருப்பெருக்கியில் பாருங்கள். முறிந்த கால் இருந்த இடத்தில் பளபளப்பான சதுரம் இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. சதுரத்துக்குப் பதில் பலகையின் பழுப்பு நிறம் தெரிந்தால் தடம் உரிந்து வந்துவிட்டது. எந்தக் கால் என்று எண்ணிச் சொல்லுங்கள். மூன்றாவதோ ஏழாவதோ என்றால், அவை எழுத்துத் தடைக்கும் நிறுத்தி வைப்பதற்குமான கால்கள். 8-ஆம் காலோடு ஒரு கம்பியால் சேர்த்துவிட்டாலே பெரும்பாலும் வேலை நடக்கும். மற்றக் கால் என்றால் தடம் எங்கே போகிறது என்று தேடவேண்டியிருக்கும். கார்டின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.