இறையியலா, சமயவியலா? விண்ணப்பிக்கும் முன் ஒரு வாக்கியம்

கேள்வி: பொறியியல் படித்துவிட்டு ஏழு வருடமாக மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். வயது 31. சமய நூல்களை முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை விட்டபாடில்லை. முதுகலைக்கு இறையியலா, சமயவியலா என்று குழப்பம். நான் நம்பிக்கை உள்ளவன், அது தடையாகுமா? மூல மொழி எதுவும் தெரியாது. முனைவர் பட்டம் வரை போனால் பிழைப்புக்கு வழி உண்டா? இணையவழியில் பத்தே மாதத்தில் முதுகலை தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

இறையியலுக்கும் சமயவியலுக்கும் உள்ள வித்தியாசத்தை வரையறைகளில் தேடினால் தலைதான் சுற்றும். ஒரு நூலை வைத்துப் பார்ப்போம். விவிலியத்தில் உள்ள யோபு நூல். குற்றமற்ற ஒருவர் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவரோ கடவுளிடமே வழக்காடுகிறார்.

இந்த நூலை மூன்று பேர் படிக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர், தொடக்கமும் முடிவும் உரைநடையாகவும் நடுப்பகுதி செய்யுளாகவும் இருப்பதைக் கவனிக்கிறார். இரண்டும் ஒருவரே எழுதியவையா? முன்பு எங்கும் பெயர் வராத எலிகூ என்பவர் திடீரென்று எழுந்து ஆறு அதிகாரம் பேசுகிறாரே, அது பிற்சேர்க்கையா? இவர் விவிலிய ஆய்வாளர். இரண்டாமவர், ‘இப்படி ஒரு துன்பத்துக்குப் பிறகு கடவுளின் நீதியைப் பற்றி நாம் என்ன சொல்ல முடியும்?’ என்று கேட்கிறார். இவர் இறையியலாளர். மூன்றாமவருக்கு, கடவுள் நீதியுள்ளவரா என்பது தன் துறை தீர்ப்புச் சொல்லும் கேள்வியே அல்ல. யூதர்களும் கிறிஸ்தவர்களும், இவரை அய்யூப் நபி என்று அழைக்கும் முஸ்லிம்களும் இதே மனிதரின் கதையை எப்படி வேறு வேறாகச் சொன்னார்கள்? துக்கத்தில் இருப்பவர்களிடம் அவர்கள் எந்தப் பகுதியை வாசிக்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள்? இவர் சமயவியலாளர்.

இரண்டாமவரின் கேள்வியில் இருக்கும் ‘நாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டால் ‘நாங்கள்’. இறையியல் ஒரு நம்பிக்கைச் சமூகத்துக்குள் நின்று ‘நாம்’ என்று பேசுகிறது, வெளியாரிடம் விளக்கும்போது ‘நாங்கள்’ என்று பேசுகிறது. சமயவியல் எல்லாரையும் ‘அவர்கள்’ என்றே எழுதுகிறது, சொந்தச் சமயத்தாரையும் சேர்த்து. ஆகவே உங்களை உறுத்தும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுவாய் நாமா, அவர்களா? எந்தத் துறைக்குப் போவது என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் வேலையிலேயே இருந்து படியுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இந்தப் பிரிவு பழமையானது அல்ல. ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் சட்டம், மருத்துவம் இவற்றோடு இறையியலும் ஓர் உயர்படிப்பு. சமயங்களை ஒப்பிட்டு ஆராய ஓர் அறிவியல் வேண்டும் என்று மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் லண்டனில் சொற்பொழிவாற்றியது 1870-ல். ஒரு சமயத்தை மட்டும் அறிந்தவன் எதையும் அறியாதவன் என்று அவர் சொன்னது இன்றும் வகுப்பறைகளில் சண்டையைக் கிளப்பும். நெதர்லாந்து 1876-ல் ஒரு சட்டத்தின் மூலம் தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் சமய அறிவியலுக்கு இடம் கொடுத்தது. பிரிட்டனில் நினியன் ஸ்மார்ட் லங்காஸ்டரில் சமயவியல் துறையைத் தொடங்கியது 1967-ல்தான். ஆகையால் ‘இறையியல் மற்றும் சமயவியல்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் பலகை மாட்டியிருக்கும் துறைகளில் இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நெறியாளர் எந்தக் குடும்பம் என்பதுதான் முக்கியம். அவர் கடைசியாக எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்தால் தெரிந்துவிடும்.

நம்பிக்கை தடையா? சமயவியலில் தடையில்லை, ஆனால் அங்கே அது சான்றாகச் செல்லாது. கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வு நேரத்தில் தள்ளி வைப்பதுதான் ஸ்மார்ட் வலியுறுத்திய முறை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது முதல் வருடம் வலிக்கும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் வலிக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை: வழிபடுகிறவரை ஏமாளியாகப் பார்க்கும் பழக்கத்தையும் அங்கே கழற்றி வைக்க வேண்டும்.

இறையியல் துறைகளில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அரசுடையவை என்றாலும், அவற்றின் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் இறையியல் துறைகள் திருச்சபைகளோடு பிணைந்தவை. அங்கே இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் பெரும்பாலும் திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டும். ஜெர்மனியின் டூபிங்கனில் கற்பித்த இறையியலாளர் ஹான்ஸ் கியூங்கின் கத்தோலிக்க போதனை உரிமத்தை, அதாவது கத்தோலிக்க இறையியலைக் கற்பிக்கத் திருச்சபை தரும் அனுமதியை, வத்திக்கான் 1979 டிசம்பரில் பறித்தது. பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை, கத்தோலிக்க இறையியல் துறைக்கு வெளியே இடம் கொடுத்தது. கோட்டிங்கனில் இறையியல் பேராசிரியர் கெர்ட் லூடமான் கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டுவிட்டதாக அறிவித்தபின் அவருடைய பேராசிரியர் பதவியின் பாடப்பிரிவே மாற்றப்பட்டது. அவர் வழக்குப் போட்டார், 2008-ல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயும் தோற்றார். மாணவருக்கு இவ்வளவு நெருக்கடி வராதுதான். ஆனாலும் எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று தெரிந்து நுழைய வேண்டும். இது கிறிஸ்தவத்தோடு நிற்பதும் இல்லை. இஸ்லாமிய இறையியலுக்கென்றே டூபிங்கன், மூன்ஸ்டர் உள்ளிட்ட ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மையங்கள் இயங்குகின்றன.

இனி பட்டங்களின் பெயர்கள். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் ‘மாஸ்டர்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு படிகள் ஒளிந்திருக்கின்றன. வட அமெரிக்காவில் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்பது மூன்று வருடம், அருட்பணிக்குத் தயார் செய்யும் படிப்பு. எம்.டி.எஸ். (மாஸ்டர் ஆஃப் தியலாஜிகல் ஸ்டடீஸ்) இரண்டு வருடம், ஆய்வுப் பக்கம் சாய்ந்தது. இந்த இரண்டிலும் எந்தப் பட்டதாரியும் நேரடியாகச் சேரலாம், பொறியாளர் உட்பட. டிஎச்.எம். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) அப்படியல்ல, எம்.டிவ். போன்ற ஒன்றை முடித்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு வருடம். இந்தியாவில் பல இறையியல் கல்லூரிகள் பின்பற்றும் செராம்பூர் முறையிலும் பி.டி. (இறையியல் இளநிலை) முடித்தவர்களுக்கே எம்.டிஎச். (இறையியல் முதுநிலை). கத்தோலிக்கத் திருச்சபையின் படிப்புகளில் லைசென்சியேட் என்பது இரண்டாம் படி, முதல் படியான இறையியல் இளநிலை இல்லாமல் ஏற முடியாது. பொறியியல் பட்டத்தோடு டிஎச்.எம்.முக்கு விண்ணப்பித்துக் கட்டணம் இழந்தவர்கள் எனக்கே சிலரைத் தெரியும். உங்களுக்குப் பொருந்துவது எம்.டி.எஸ். வகையோ, சமயவியலில் எம்.ஏ.வோதான்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் கடைசியாக நினைத்திருக்கிறீர்கள், நான் முதலில் வைப்பேன். முதுகலை விண்ணப்பத்துக்கு மூல மொழி கட்டாயமில்லாத இடங்கள் நிறைய உண்டு. முனைவர் பட்டத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். ரோமில் 1909-ல் நிறுவப்பட்ட விவிலிய நிறுவனத்தில் ஹீப்ருவும் கிரேக்கமும் இல்லாமல் லைசென்சியேட் வகுப்புக்குள் உட்கார முடியாது. தெரியாதவர்களை ஆயத்த வகுப்புகளில் உட்கார வைத்துவிடுவார்கள். ஹீப்ரு வேதாகமம் படிக்க ஹீப்ரு போதும் என்றும் நினைக்க வேண்டாம், தானியேலிலும் எஸ்றாவிலும் பல அதிகாரங்கள் அரமேயத்தில் உள்ளன. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம், ஆரம்பகால பௌத்தத்துக்குப் பாலி, மகாயான பௌத்தத்துக்கு சமஸ்கிருதத்தோடு செவ்வியல் சீனமோ திபெத்தியமோ. என் கணக்கில் ஒரு செவ்வியல் மொழியில் அகராதி வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி வாசிக்க இரண்டு வருடம் ஆகும். முதுகலையும் பெரும்பாலும் இரண்டு வருடம்தான். அதனால் படிப்பு தொடங்கிய பிறகு மொழியைத் தொடங்குபவர், முனைவர் விண்ணப்பம் எழுதும் நாளில் பாதி இலக்கணத்தோடு நிற்பார். நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் இந்த வருடமே தொடங்குங்கள்.

இதற்கு மேல் ஆய்வு மொழி என்று ஒன்று உண்டு. மூல நூல் எழுதப்பட்ட மொழி வேறு, அந்த நூலைப் பற்றி அறிஞர்கள் விவாதித்த மொழி வேறு. நமக்கு நெருக்கமான சைவ சித்தாந்தத்தையே பாருங்கள். ஜெர்மன் அறிஞர் ஷோமெரஸ் அதைப் பற்றிய தன் பெரிய நூலை 1912-ல் வெளியிட்டது ஜெர்மனில். சைவக் கிரியைகளை விளக்கும் சோமசம்புபத்ததி என்ற சமஸ்கிருத நூலை எலேன் புரூனர் என்ற ஆய்வாளர் நான்கு தொகுதிகளாக, 1963 முதல் 1998 வரை, பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சைவத்தை ஆராய வருபவரும் பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும் என்பது வேடிக்கைதான், என்ன செய்வது. அதேசமயம் உங்கள் கையில் ஒரு மூலதனம் இருக்கிறது. பக்தி இலக்கியம் முதல் சித்தாந்த சாத்திரங்கள், இஸ்லாமிய, கிறிஸ்தவக் காப்பியங்கள் வரை கொண்ட தமிழ், உலகப் பல்கலைக்கழகங்களில் ஒரு மூல மொழி. பழைய உரைகளைச் சிரமமின்றிப் படிக்க வருமானால், ‘மூல மொழி எதுவும் தெரியாது’ என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

விண்ணப்பக் கடிதங்களை வருடக்கணக்காகப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பத்தில் ஏழு, ‘சிறு வயதிலிருந்தே எனக்கு இறைநாட்டம் உண்டு’ என்றுதான் தொடங்கும். படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் தேடுவது, முடிக்கக்கூடிய அளவில் ஒரு கேள்வி. ‘சமயங்களில் பெண்களின் நிலை’ என்பது கேள்வி அல்ல, ஒரு நூலகத்தின் அலமாரி. பௌத்தப் பிக்குணிகள் பாடியதாகச் சொல்லப்படும் தேரீகாதையின் பாடல்களுக்கு தம்மபாலர் என்ற பௌத்த உரையாசிரியர் பிற்காலத்தில் ஓர் உரை எழுதினார். ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் அந்தப் பிக்குணியின் வரலாற்றைக் கதையாகச் சொல்கிறார். அந்தக் கதை பாடலின் குரலை எங்கே மாற்றுகிறது? இப்படிக் கேட்டால் எந்த நூல், எந்த மொழி, எந்தப் பேராசிரியர் மூன்றும் தானாகவே முடிவாகிவிடும். உங்கள் மென்பொருள் அனுபவத்தையும் மறைக்க வேண்டாம். சுவடிகளையும் பாடபேதங்களையும் (ஒரே நூலின் பிரதிகளுக்கிடையே மாறுபடும் வாசகங்களையும்) கணினியில் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பணம், வேலை பற்றிச் சர்க்கரை தடவாமல் சொல்கிறேன். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கி, சில வருடங்களுக்கு உதவித்தொகையும் தருகின்றன. முதுகலைக்கு அந்தத் தாராளம் குறைவு, கடன் சேருவது இங்கேதான். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவு உண்டு. திருச்சபையோ வேறு சமய அமைப்போ செலவை ஏற்றால், படித்து முடித்தபின் எத்தனை வருடம், எங்கே, என்ன பணி என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போனவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பேராசிரியர் பணியிடங்கள் எல்லா நாட்டிலும் குறைவு, விண்ணப்பிப்பவர்கள் அதிகம். அதை மட்டுமே குறிவைத்து, 31 வயதில், கடன் வாங்கி இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கடன் இல்லாமல் முடியுமானால் இறங்கலாம். மருத்துவமனை, சிறை, ராணுவம் போன்ற இடங்களில் ஆன்மிகத் துணைப்பணி ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் அதற்கும் தனித் தகுதி வேண்டும். அமெரிக்காவில் முழுச் சான்று பெற இறையியல் முதுகலைக்கு மேல், நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் மருத்துவமனைப் பயிற்சி நான்கு அலகுகள், அலகு ஒன்றுக்கு 400 மணி நேரமாவது முடித்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, பதிப்பு, ஆவணக் காப்பகம், பள்ளி ஆசிரியப் பணி எல்லாம் உண்டு. இவற்றில் எதற்கும் பட்டத்தைவிட நீங்கள் கற்ற மொழியே கைகொடுக்கும்.

இப்போது அந்தப் பத்து மாதப் பட்டம். பத்து மாதம் என்பதே குற்றமல்ல, பிரிட்டனில் முழுநேர முதுகலை பலவும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். இணையவழி என்பதும் குற்றமல்ல. அங்கீகாரம்தான் கேள்வி. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சமயப் பட்டங்கள் மட்டும் தரும் நிறுவனங்களுக்குக் கல்வித்துறை உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ‘மாநிலத்தில் முறையாகப் பதிவு செய்யப்பட்டது’ என்ற வாசகத்தை அவர்கள் பெரிதாகப் போடுவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் கல்வி அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பெயரைக் கேளுங்கள். அந்த அமைப்பை அரசு ஏற்றிருக்கிறதா என்று அரசின் பட்டியலில் பாருங்கள், நிறுவனம் அனுப்பும் இணைப்பில் பார்க்காதீர்கள். பிறகு, நீங்கள் முனைவர் பட்டத்துக்குப் போக நினைக்கும் மூன்று பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே கேள்வியை எழுதுங்கள்: ‘இந்த நிறுவனத்தின் முதுகலையை ஏற்பீர்களா?’ மூன்றில் இரண்டு இடத்திலிருந்து ‘ஆம்’ என்று எழுத்தில் வந்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள், பேசலாம். வரும்போது அந்த ஒரு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள்.