இசட் டிரைவ் எங்கே போனது? நாஸ் பேக்கப் கேள்வி பதில்

நெட்வொர்க்கில் ஒரு நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) மாட்டி, அதில் ஒரு பகிர்வைத் (மற்ற கம்ப்யூட்டர்கள் திறக்கக்கூடிய கோப்புறை) திறந்து, பேக்கப்பை அங்கே அனுப்புகிறவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலான சிக்கல்கள் இரண்டே இடத்தில்தான் முளைக்கின்றன. ஒன்று, பேக்கப் ஓடுகிற நேரத்தில் பகிர்வு அங்கே இருக்காது. இல்லையென்றால், அது எந்நேரமும் திறந்தே கிடக்கும்.

கேள்வி: அண்ணா, விண்டோஸில் நாஸ் பகிர்வை இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறேன். பேக்கப்பை நானே ஓட்டினால் ஒழுங்காகப் போகிறது. டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி 2 மணிக்குப் போட்டால் பாதை கிடைக்கவில்லை என்கிறது. ஏன்?

பதில்: மேப் செய்த டிரைவ் எழுத்து கம்ப்யூட்டருக்குச் சொந்தமில்லை, நீங்கள் லாகின் செய்த அமர்வுக்குச் சொந்தம். ஷெட்யூலர் சிஸ்டம் கணக்கில் ஓட்டும்போது அதன் கண்ணில் இசட் என்று ஒன்றே கிடையாது. உங்கள் கணக்கிலேயே 'அட்மினாக ஓட்டு' கொடுத்துத் திறந்தால்கூடப் பல நேரம் காணாமல் போகும். எழுத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பின்சாய்வுக் கோடு, நாஸின் பெயர், ஒரு கோடு, பகிர்வின் பெயர் என்று முழுப் பாதையைக் கொடுங்கள். யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் பேக்கப் புரோகிராமுக்குள்ளேயே பதிந்து வையுங்கள்.

கேள்வி: பேக்கப்புக்கு என்று நாஸில் தனி யூசர் வைத்தேன். இப்போது 1219 என்று ஒரு பிழை.

பதில்: ஒரே சர்வரோடு ஒரே அமர்வில் இரண்டு வெவ்வேறு யூசர்களாகப் பேச விண்டோஸ் விடாது. நீங்கள் ஏற்கெனவே பழைய யூசராக ஏதோ ஒரு பகிர்வைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதைத் துண்டித்துவிட்டு முயன்று பாருங்கள். இரண்டும் வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒன்றை நாஸின் பெயரிலும் இன்னொன்றை அதன் ஐபி எண்ணிலும் கூப்பிட்டால், விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு சர்வர் என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: நாஸில் இரண்டு டிஸ்க், ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே தகவல். இது போதாதா?

பதில்: போதாது. ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்கள் தவறி அழித்த கோப்பை அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிக்கும்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் நாஸ் பகிர்வை மவுண்ட் செய்து (ஒரு காலி அடைவில் இணைத்து) தினமும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டுகிறேன். திடீரென்று சர்வரின் சொந்த ரூட் டிஸ்க் நிரம்பிவிட்டது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு கோப்புகளே இல்லை. எங்கே போயின?

பதில்: மவுண்டுக்கு அடியில் இருக்கின்றன. நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. சர்வர் சீக்கிரம் எழுந்துவிட்டது, நாஸ் மெதுவாக எழுந்தது, அதனால் மவுண்ட் ஆகவில்லை. ஆனால் மவுண்ட் செய்கிற அடைவு மட்டும் காலியாக அங்கேயே இருந்தது. ஆர்சிங்கைப் பொறுத்தவரை அதுவும் ஒரு அடைவுதானே! இரண்டு ராத்திரி அதற்குள் கொட்டிவிட்டு லாகில் 'வெற்றி' என்று எழுதி வைத்தது. மூன்றாம் ராத்திரி இடம் தீர்ந்தது. காலையில் நான் பதறிப்போய் முதல் வேலையாகப் பகிர்வை மவுண்ட் செய்தேன். கொட்டியதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துபோனது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் 100% என்கிறது, டியூ பாதிகூட இல்லை என்கிறது. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

அன்மவுண்ட் செய்து, அந்த அடைவுக்குள் கிடப்பதை அழியுங்கள். அப்புறம் அதே நிலையில், அதாவது எதுவும் மவுண்ட் ஆகாதபோது, அந்தக் காலி அடைவுக்கு இம்யூட்டபிள் கொடி போட்டுவிடுங்கள். ரூட் யூசராலும் அதில் எழுத முடியாது. மவுண்ட் ஆனபின் மேலே வரும் பகிர்வை அந்தக் கொடி ஒன்றும் செய்யாது. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுத்தி மெயில் அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் தலைகீழான ஆபத்தும் ஒன்று உண்டு. பகிர்விலிருந்து யூஎஸ்பி டிஸ்க்குக்கு 'டிலீட்' விருப்பத்தோடு ஆர்சிங்க் ஓட்டுகிறீர்கள், அன்று பகிர்வு மவுண்ட் ஆகவில்லை. மூலம் காலி, அதனால் நகலையும் அது காலி செய்துவிடும். சொன்னதைச் செய்தேன் என்று சாதிக்கும், திட்டவும் முடியாது.

கேள்வி: கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் நாஸில் இருக்கிற பேக்கப் தப்புமா?

பதில்: உங்கள் கம்ப்யூட்டரால் அந்தப் பகிர்வில் எழுத முடியும் என்றால் அதில் நுழைந்த ரேன்சம்வேராலும் எழுத முடியும். உங்கள் பெயரில், உங்கள் அனுமதியோடுதான் அது வேலை செய்கிறது. இசட் டிரைவ் மேப் ஆகியிருந்தால் அதற்கு வழி காட்டக்கூட வேண்டாம்.

ஆகவே பேக்கப் பகிர்வை மேப் செய்யாதீர்கள். நீங்கள் அன்றாடம் புழங்கும் யூசருக்கு அதில் எழுதும் உரிமை வேண்டாம். ஆனால் தனி யூசர் மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது, அந்தப் பாஸ்வேர்டும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. என் கணக்கில் முக்கியமான தடுப்பு ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகள் அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை உள்ள நாஸ் தானாகவே தினம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கட்டும். பகிர்வு வழியாக வருகிறவரால் அதை அழிக்க முடியாது, நாஸின் அட்மினால்தான் முடியும். அந்த அட்மின் பாஸ்வேர்டை அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் சேமித்து வைக்காதீர்கள், அப்புறம் பூட்டுப் போட்டதற்கு அர்த்தமில்லை.

இன்னும் கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் பகிர்வே வேண்டாம். ரெஸ்டிக், போர்க் என்ற பேக்கப் புரோகிராம்கள் இரண்டிலும், நாஸ் பக்கம் ஒரு சேவையை ஓட்டி 'சேர்க்கலாம், அழிக்கக் கூடாது' என்று கட்டுப்படுத்த முடியும். அல்லது நாஸே வந்து கம்ப்யூட்டரிலிருந்து இழுத்துக்கொள்ளட்டும். அப்போது கம்ப்யூட்டரிடம் நாஸின் சாவியே இருக்காது.

விண்டோஸ் பகிர்வுகள் பேசும் நெறிமுறை எஸ்எம்பி; அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ரௌட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை வெளியே திறந்துவைக்கவே வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் 11 24எச்2-க்கு மாறியதும் நாஸ் பகிர்வு திறக்கவில்லை. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் பகிர்வு அது.

பதில்: அந்தப் பதிப்பிலிருந்து எஸ்எம்பி கையொப்பம் (செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரை) இயல்பாகவே கட்டாயம். கெஸ்ட் இணைப்பில் கையொப்பமிட முடியாது. பழைய அமைப்புக்குத் திருப்ப வழி தேடாதீர்கள், நாஸில் ஒரு யூசரை உருவாக்குங்கள். பேக்கப்பைக் கெஸ்ட் பகிர்வில் வைத்திருந்ததே தப்பு.

கேள்வி: 1 டிபி முதல் பேக்கப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி போல வரும், இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள். இதெல்லாம் பெரிய கோப்புகளுக்கான கணக்கு. சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் வேகம் படுத்துவிடும், ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று போய் வர வேண்டுமே. முதல் பேக்கப்பையாவது வைஃபையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் சிஸ்டம் இமேஜை (முழு விண்டோஸின் நகலை) வாராவாரம் பகிர்வில் எடுக்கிறேன். போன மாத இமேஜ் காணவில்லையே?

பதில்: நெட்வொர்க் பகிர்வில் அது கடைசி ஒன்றை மட்டுமே வைத்திருக்கும், புதியது பழையதன் மேல் எழுதப்படும். பாதியில் அறுந்தால் பழையதும் போய், புதியதும் இல்லாமல் நிற்க நேரலாம். எடுத்து முடித்ததும் விண்டோஸ்இமேஜ்பேக்கப் கோப்புறையின் பெயரை மாற்றி வையுங்கள். மீட்கும்போது பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் நாஸ் முழுவதையும் தின்றுவிடுகிறது.

பதில்: அதன் சுபாவமே அதுதான், இருக்கிற இடத்தை நிரப்பிய பிறகுதான் பழையதை அழிக்கும். அதற்குத் தனிப் பகிர்வு கொடுத்து, நாஸ் பக்கம் கோட்டா (இட வரம்பு) போடுங்கள். மேக் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு தாராளம்.

கேள்வி: ஐயா, எல்லாம் செய்தாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வேறொரு கம்ப்யூட்டரில் உட்காருங்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டரும் அதில் இருந்ததும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு ஒரு கோப்புறையை மீட்டுப் பாருங்கள். நாஸின் பாஸ்வேர்டு எங்கே, பேக்கப்பின் மறையாக்கச் சாவி எங்கே என்று அப்போதுதான் தேடுவீர்கள். நான் முதல் தடவை இதைச் செய்தபோது, சாவி இருந்த பாஸ்வேர்டு கோப்பு அந்தப் பேக்கப்புக்கு உள்ளேயே இருந்தது. இப்போது ஒரு காகிதத்தில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.