தண்ணீர் தெளித்தும் கரித்தூசி அடங்காதது ஏன்?

கேள்வி: எங்கள் தெருவுக்குச் சற்றுத் தொலைவில் நிலக்கரிக் கிடங்கு ஒன்று உள்ளது. காலையில் தண்ணீர் லாரி வந்து தெளித்துவிட்டுப் போகிறது. ஆனாலும் நண்பகலுக்குள் கொடியில் காயும் துணியிலும் சன்னல் கம்பியிலும் கரி படிந்துவிடுகிறது. தண்ணீரால் கரித்தூசியை அடக்கவே முடியாதா?
– வாசகி ஒருவர், வட சென்னை

பதில்: அடக்க முடியும். ஆனால் காலையில் ஒரு முறை தெளிப்பது போதாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரித்தூளைத் தூவிப் பாருங்கள். பெரும்பகுதி நனையாமல் மேலேயே மிதக்கும். அதில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விட்டால் தூள் நனைந்து அமிழத் தொடங்கும். நிலக்கரியின் மேற்பரப்பு தண்ணீரோடு எளிதில் ஒட்டுவதில்லை என்பதால்தான், தெளிக்கும் நீரில் சோப்புப்போல் தூளை நனையவைக்கும் பொருள்களான நனைப்பான்களைக் கலக்கிறார்கள். துளியின் அளவும் முக்கியம்: பெரிய துளி விழும்போது அதைச் சுற்றி விலகி ஓடும் காற்றோடு நுண்தூசியும் நழுவிவிடும், துளியும் நுண்ணியதாக இருந்தால்தான் இரண்டும் மோதி ஒட்டிக்கொள்ளும். அத்தகைய பனிச்சாரலைத் திறந்தவெளிக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், கரியை நகர்த்திச் செல்லும் ஒரு கன்வேயர் பட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கரி கொட்டும் இடத்தை மூடி, அதற்குள் தெளிப்பதே பலன் தரும்.

என் கணிப்பில், குவியலைவிட அதிகம் கவனிக்க வேண்டியது கிடங்கின் பாதையைத்தான். சிந்திய கரியை லாரிச் சக்கரங்கள் மாவாக அரைத்து, ஊர்ச் சாலை வரை இழுத்து வருகின்றன. வாயிலில் சக்கரம் கழுவும் தொட்டியும், தார்ப்பாய் இறுகக் கட்டிய லாரிகளும் இல்லாத கிடங்கில் எத்தனை முறை நீர் தெளித்தாலும் தூசி அடங்காது. குவியலைப் பொறுத்தவரை, கரி விழும் உயரத்தைக் குறைப்பதும் காற்றுத் தடுப்பு வேலி எழுப்புவதும் அவசியம். குவியலை அழுத்திக் கெட்டிப்படுத்தினால் உள்ளே காற்று புகுவது குறைந்து, கரி தானாகச் சூடேறித் தீப்பற்றும் அபாயமும் குறையும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரயில் வேகன்களில் ஏற்றிய கரியின் மேற்பரப்பைச் சமன்செய்து, உலர்ந்தால் ஏடுபோல் படியும் பசைக் கரைசலை அதன்மேல் தெளித்து அனுப்புகிறார்கள்.

சுரங்கத்துக்குள் இந்தத் தூசி நுரையீரலைக் கெடுப்பதோடு வெடிக்கவும் செய்யும். 1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் இறந்தனர். அதனால் சுரங்கங்களில் கரியை வெட்டும் முனையிலேயே நீர் பீய்ச்சுவதுடன், தீ பரவாதிருக்கச் சுண்ணாம்புக்கல் பொடியையும் தூவுகிறார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள்வதை நிறுத்தி, 2011 அக்டோபர் முதல் எண்ணூருக்கு மாற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். இடம் மாறினாலும், கரி கொட்டப்படும் ஒவ்வொரு இடத்திலும் இதே ஏற்பாடுகள் தேவை.

துணியில் தெரிவது பருமனான தூசி. நுரையீரலின் ஆழம் வரை செல்வது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். காற்றில் 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட துகள்களின் 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமையும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை 60 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. கரி படியும் நேரம், காற்றின் திசை, அப்போது கிடங்கில் நடந்த வேலை ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்துவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுவாக அனுப்பி, உங்கள் தெருவிலேயே காற்றை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.