பழைய பெற்றோல் செட் காணி: பெக்கோவை நிறுத்துங்கள், பீலியைப் பாருங்கள்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் மெயின் ரோட்டோரமாக 18 பேர்ச் காணி வாங்கினோம். முன்பு அங்கே ஒரு பெற்றோல் செட் இருந்ததாம். தாங்கிகள் இன்னும் நிலத்துக்குள்தான். பெக்கோ இயந்திரத்தால் அத்திவாரம் வெட்டும்போது வாடையடிக்கும் கறுப்பு மண் வந்தது. மறுநாள் குழியில் ஊறிய தண்ணீரில் பளபளவென்று படலம். மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுமண் நிரப்பினால் போதும் என்கிறார் கொந்தராத்துக்காரர். கீழே தோட்ட லயத்தில் ஏழெட்டுக் குடும்பம் பீலித் தண்ணீர்தான், அதாவது மலை ஊற்றிலிருந்து விழும் தண்ணீர்தான் குடிக்கிறது. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: கொந்தராத்துக்காரர் சொன்னதில் பாதி சரி. அள்ளத்தான் வேண்டும். எங்கே கொட்டப்போகிறார் என்று மட்டும் கேளுங்கள். ரோட்டோரப் பள்ளத்தில் என்றால், அடுத்த மழையில் அது அதே லயத்துக்குத்தான் இறங்கும்.

ஆகவே முதலில் பீலி. ஊற்றுவாயில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். ஓட்டுச் சில்லு மாதிரி உடைந்து அப்படியே மிதந்தால் அது இரும்புப் பாக்டீரியா. செம்மஞ்சள் சேற்றோடு நம் மலைகளில் சகஜம். கிழித்த இடம் சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். படலமே இல்லை என்றாலும் நிம்மதி வேண்டாம். பெற்றோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும், நிறமே காட்டாது. அது புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று லயத்தில் கேட்பார்கள். கூடாது, ஆவி குசினிக்குள்தான் நிற்கும். பரிசோதனை முடிவு வரும்வரை பவுசர் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்துவிடுங்கள்.

வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனை கிருமியையும் உப்பையும்தான் பார்க்கும், எண்ணெயைப் பார்க்காது. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன் என்று எழுதிக் கேளுங்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது. செட் அதற்கு முந்தியது என்றால் ஈயத்தையும் சேருங்கள். ஆய்வுகூடம் தரும் கண்ணாடிப் போத்தலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். அது சமதரை, சுண்ணாம்புக்கல். நமக்குச் சரிவு. பெற்றோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசு என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அந்த நீரோ மண்ணுக்கும் பாறைக்கும் இடையே கீழ்நோக்கி நழுவும், சில இடங்களில் பாறை வெடிப்புக்குள் போய்விடும். தாங்கிக்கு நேர் கீழே மட்டும் தோண்டினால் எண்ணெய் ஏற்கெனவே இறங்கிப் போயிருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் இரண்டு மூன்று சோதனைக் குழிகள் போட்டு, எண்ணெய் எதுவரை போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தாங்கி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிதான் ஆபத்து. காற்றில் 1.4 சதவீதம் பெற்றோல் ஆவி இருந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், குழியின் அடியிலேயே கிடக்கும். மிச்ச எண்ணெயையும் அடிச்சேற்றையும் எடுத்து, உலர்பனிக்கட்டியோ நைதரசனோ இட்டு ஆவியை வெளியேற்றி, வாயுமானியால் அளந்து பார்த்த பிறகுதான் தாங்கியைத் தூக்க வேண்டும். பழைய இரும்புக்காரரை அழைத்து அங்கேயே காஸ் வைத்து வெட்டச் சொல்லாதீர்கள். குழிக்குள் யாரும் இறங்கவும் வேண்டாம், பீடியும் வேண்டாம்.

தோண்டுவதற்கு உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், திறந்த குழி ரோட்டையும் சேர்த்து இழுக்கும். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் சரிவைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். மேலே உள்ள நல்ல மண்ணைத் தனியாகக் குவியுங்கள்; கெட்ட மண்ணை தடித்த பொலித்தீன் மேல் கொட்டி, மேலேயும் மூடுங்கள். கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: 5 மீற்றர் நீளம், 4 அகலம், 3 ஆழம் என்றால் ஏறக்குறைய 21 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கிளறிய மண் கால்வாசி உப்பும். லொறிக்காரரிடம் மொத்தம் 26, 27 கியூப் என்று பேசுங்கள்.

குழியில் ஊறும் தண்ணீரை ரோட்டோர வடிகானில் விடாதீர்கள். அந்தக் கான் கொத்மலை ஓயாவுக்குத்தான் போகும். சின்ன வேலைக்கு மூன்று பீப்பாய்கள் போதும். முதல் பீப்பாயின் அடியிலிருந்து குழாய் இரண்டாவதற்கு, அதன் அடியிலிருந்து மூன்றாவதற்கு. பம்பை மெதுவாக ஓட விட்டால் எண்ணெய் மேலேயே தங்கும், அள்ளி எடுக்கலாம். கரைந்திருப்பதைப் பிடிக்கக் கடைசியில் செயற்படுத்திய கரி வேண்டும். நம் நாட்டிலேயே தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்கிறார்கள். அடுப்புக்கரி அந்த வேலைக்கு உதவாது.

எங்கே நிறுத்துவது? குழியின் நான்கு பக்கச் சுவரிலும் அடியிலும் மண் மாதிரி எடுத்து, சுத்தம் என்று வந்தால் நிறுத்தலாம். பாறை தட்டினாலும், ரோட்டு விளிம்பு அசையும்போலிருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். மிச்சத்துக்குக் குழியின் கீழ்ப்பக்கம் துளையிட்ட குழாய் ஒன்றை நட்டு, வரும் எண்ணெயை அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த மண் யாருடைய லொறியிலும் போகிற சாமான் அல்ல. மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் முதலிலேயே எழுத்தில் அறிவித்து, உரிமம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். டீசல் மட்டும் பட்ட மண்ணை, அவர்கள் சம்மதித்தால், குவித்து யூரியாவும் ஈரமும் காற்றும் கொடுத்துக் கிளறிவர, நுண்ணுயிர்களே சில மாதங்களில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நுவரெலியாக் குளிரில் அது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும்.

செலவு முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டுமா என்றால், காணி உறுதிப் பத்திரத்தையும் செட்டின் பழைய அனுமதிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். சுன்னாகம் வழக்கில் மாசுபடுத்திய மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குழியை மூடிய பிறகும் பீலியை ஒரு வருடமாவது விடாமல் பாருங்கள். காய்ந்த மாதத்தில் எடுத்த நல்ல ரிப்போர்ட்டை மட்டும் நம்பி லயத்தாருக்குச் சரி சொல்லிவிடாதீர்கள். மே மழை பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு போத்தல் நிரப்புங்கள்.