பாட்டியின் வெள்ளி ரூபாய்

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே வெள்ளிதானே? உருக்கிக் கட்டியாக மாற்றலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் ஆண்டைப் பாருங்கள். 1939 வரை அடித்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, எடை அதே 11.66 கிராம்தான், வெள்ளி மட்டும் பாதியாகிவிட்டது. பின்பக்கம் புலி நடக்கும் 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். 1939 இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அது அபூர்வம்; வெள்ளி விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் உண்டு. போலிகளும் நிறைய உலவுவதால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். என்னிடமுள்ள 1862 விக்டோரியா ரூபாயில் மகுடத்தின் மடிப்புகளில் கறுப்பு படிந்திருக்கிறது. அதற்காகவே ஆசையாக வாங்கினேன். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடவே யோசிப்பார்கள்.

வெள்ளியில் பணம் போட விருப்பமா? சரி, 999 முத்திரையுள்ள, அதாவது 99.9 சதவீதம் தூய வெள்ளிக் கட்டியைத் தனியே வாங்குங்கள். லட்சுமி காசு என்றால் செய்கூலி சேரும். விற்கும்போது அது திரும்பாது.