குளத்து ஆமையைப் படம் எடுத்தால் ஓடு வெளுத்துவிடுகிறது, கண் இருட்டாகிறது. எடுக்கும்போதும் எடிட்டிங்கிலும் என்ன மாற்ற வேண்டும்?

பாதிக் காரணம், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏமாறுவது. குளத்து ஆமை வகையான காராமையின் ஓடு கறுப்பு. ஃபிரேமில் கறுப்பு நிறைந்தால், கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஈர ஓட்டில் வானம் பளபளக்கிற இடம் அப்போது முதலில் போய்விடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) -0.7 அல்லது -1-இல் வைத்து, வெளுத்த இடத்தைக் காட்டும் ஹைலைட் வார்னிங்கை ஆன் செய்து, ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். மூன்று வண்ணச் சேனலும் நிரம்பி வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இழுத்தால் சாம்பல் பூச்சுதான் மிஞ்சும்.

லென்ஸின் முன் மாட்டி மினுக்கத்தைக் குறைக்கும் சிபிஎல் (போலரைசர்) ஃபில்டர் உதவும். ஆனால் தண்ணீர்ப் பரப்புக்குச் சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போதுதான் அது முழுதாக வேலை செய்யும். ஆமையின் கண்மட்டத்துக்குப் படுத்து எடுத்தால் நீரின் மினுக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) வெளிச்சமும் போகும். செலவில்லாத வழி, காத்திருப்பது. கல்லில் ஏறிய உடனே எடுக்காமல் ஓடு உலரும்வரை விடுங்கள். மினுக்கம் அடங்கும், பக்கவாட்டில் விழும் காலை வெயிலில் காராமையின் முதுகில் நீளவாக்கில் ஓடும் மூன்று வரம்புகளும் தெளிவாகத் தெரியும்.

முகம் கூர்மையாக வந்து ஓடு மங்குவது லென்ஸ் குறையல்ல. ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 400 எம்எம் லென்ஸ், 5 மீட்டர் தூரம், எஃப்/5.6 என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 5 செ.மீ.தான். எஃப்/8-க்குப் போனால் ஏறக்குறைய 7 செ.மீ. நேர் எதிரே நின்று எடுத்தால் நீட்டிய கழுத்துக்கே அது போதாது. ஆமை பக்கவாட்டில் தெரிகிற இடத்துக்கு நகர்ந்து, ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். உச்சி வெயிலில் எல்லாமே மங்கினால் அது கானல், அதாவது சூடான காற்றின் அலைவு. ஃபோகஸை மாற்றிப் பயனில்லை, காலையில் வாருங்கள்.

கரையில் ஆள் நிமிர்ந்து நின்றாலே ஆமை தொப்பென்று தண்ணீரில் விழுந்துவிடும். குனிந்து, நிழல் அதன்மேல் விழாமல், நின்று நின்று போங்கள். கழுத்தை உயர்த்திப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். உடல் சூடேறத்தான் அது வெயில் காய்கிறது. கலைத்தால் நட்டம் அதற்குத்தான். (கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை வேறு கணக்கு. அங்கே ஃபிளாஷ், டார்ச் இரண்டுமே கூடாது. குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போய்விடும்.)

எடிட்டிங் மென்பொருள் லைட்ரூமோ டார்க்டேபிளோ, முதலில் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை). பாசி படிந்த குளத்தில் ஆட்டோ பச்சையைக் கழிக்கப் போய் ஓட்டைச் செம்பாக்கிவிடும். உலர்ந்த சாம்பல் கல்லில் பிக்கரை (நடுநிலை நிறத்தைத் தொட்டுக் காட்டும் கருவி) வையுங்கள். இனி வரும் எண்கள் லைட்ரூமுக்கானவை. ஹைலைட்ஸ் -40 முதல் -60. ஷேடோஸ் +20 தாண்டினால் கறுப்பு ஓடு சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். கண்ணுக்கு மட்டும் ஒரு மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் மாற்றும் தேர்வு) போட்டு எக்ஸ்போஷர் +0.3. கண்ணில் ஒளிப்புள்ளி விழவில்லை என்றால் வரைந்து வைக்காதீர்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். கிளாரிட்டி உலர்ந்த ஓட்டுக்கு மட்டும், +10 அல்லது +15. ஈர ஓட்டில் ஏற்றினால் மினுக்கம் இன்னும் துருத்தும். ஷார்ப்பனிங்கில் ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்கிங்கை நகர்த்துங்கள். வெள்ளையாகத் தெரிவதுதான் கூர்மையாகும். தண்ணீர் முழுக்கக் கறுப்பாகும்வரை ஏற்றுங்கள்.

இன்னொரு குளத்து ஆமையான பாலாமையை இறைச்சிக்காகப் பிடிக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பின்னணியில் மதகோ ஊர்ப் பலகையோ இருந்தால் அதையும் கிராப் செய்துவிடுங்கள்.